விற்பதற்கு முன் வீட்டை அலங்கரிக்க வேண்டுமா? உங்கள் அனுபவம் என்ன?

தாம்பரம் வாசகி:
அம்மாவின் தனி வீட்டை விற்க முடிவு செய்தபோது, கூடத்தில் வாடகை சோபாவும் புதுத் திரைச்சீலைகளும் போட்டால் விலை கூடும் என்று தரகர் சொன்னதால் சம்மதித்தோம். பார்க்க வந்த குடும்பத்துப் பெரியம்மா கூடத்தில் நிற்கவேயில்லை. நேரே சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்குக் கீழுள்ள கதவைத் திறந்து, உள்சுவரில் உள்ளங்கையை அழுத்தி ஓதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "போர் தண்ணி உப்பாம்மா?" என்று மட்டும் கேட்டார். சோபாவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. மற்றவர்களுக்கும் இப்படித்தான் நடந்ததா?

வேளச்சேரி:
நான் வாங்கப் போனவன். தரைத்தளம், பளிச்சென்ற பெயின்ட், மணக்கும் ஊதுபத்தி, மேசைமேல் பூச்சாடி என்று எல்லாம் இருந்தன. உடன் வந்த எலக்ட்ரீஷியன், முழங்கால் உயரத்தில் இருந்த பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றியதும் காய்ந்த வண்டல் மண் பொலபொலவென்று புதுத் தரைவிரிப்பில் கொட்டியது. 2015 டிசம்பர் வெள்ளம் அந்த வீட்டுக்குள் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அதற்குப் பிறகுதான் உரிமையாளர் சொன்னார். அன்றிலிருந்து அலங்கரித்த வீடு என்றாலே எனக்குச் சந்தேகம் வருகிறது.

மயிலாப்பூர்:
வேளச்சேரி நண்பரின் கோபம் நியாயமானது. ஆனால் அவர் கண்டது மறைப்பு, அதை அலங்காரத்தின் கணக்கில் எழுதுவதை நான் ஏற்க மாட்டேன். வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்தில் இருப்பது விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவரே சொல்லியாக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55 கூறுகிறது. என் மாமனாரின் வீட்டை ஒழித்துக் காலியாகக் காட்டியபோது, வந்தவர்கள் எல்லாரும் படுக்கையறை சிறியது என்றே சொன்னார்கள். பழைய கட்டிலையும் பீரோவையும் திரும்பப் போட்ட பிறகு வந்த ஒரு பெண், கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையே நின்று, "தொட்டில் கட்ட இடம் இருக்கிறது" என்று கணவரிடம் சொன்னார். அவர்கள்தான் வாங்கினார்கள். இதில் யாரை ஏமாற்றினோம்?

கோடம்பாக்கம்:
எங்கள் பழைய அடுக்குமாடி வீட்டைப் பார்க்க வந்தவர் வாசலில் நின்றபடியே யூடிஎஸ் (மனையில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்று கேட்டு, கைப்பேசியில் கணக்குப் போட்டுவிட்டுப் போனார். அறைகளுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடித்துக் கட்டும் எண்ணத்தோடு மனையின் பங்குக்காக வருபவரிடம் திரைச்சீலை எடுபடாது. ஆகவே யார் வாங்க வருவார் என்பதை முதலில் யோசியுங்கள். குடியிருக்க வருபவர் என்றால் ஒழுகும் குழாய்களைச் சரிசெய்து, எரியாத விளக்குகளை மாற்றி, பரணில் அடைத்த சாமான்களை இறக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். ஓதம் அடித்த சுவரில் காரணத்தைச் சரிசெய்யாமல் பெயின்ட் அடிக்காதீர்கள். அடுத்த மழைக்கே உப்புப் பூத்துவிடும். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்று விலைக்கு மேல் செலவழிக்கப் போகிறவர், சோபாவின் அழகுக்காகக் கூடுதலாக எதுவும் தர மாட்டார். ஆனால் வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், சொத்து வரி ரசீது ஆகியவை ஒரே கோப்பில் தயாராக இருந்தால் வங்கிக் கடனில் வாங்குபவர் துணிந்து முன்பணம் தருவார். தாம்பரம் சகோதரிக்குத் தனியாக ஒன்று: பட்டா இன்னும் மறைந்த பெரியவர் யாருடைய பெயரிலாவது இருந்தால், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிட்டு, அதன்பின் வீட்டைக் காட்டத் தொடங்குங்கள்.