சொக்காரங்க குழு: உலை அதிர்வு

இசக்கி 8:12
மாமா, எங்க காத்தாடியில கியர்பாக்ஸ் மேல சென்சார ஒட்டி அதிர்வு பாக்கோம். அணு உலைக்குள்ள ஒரு பாகம் ஆடுனா எப்படிக் கண்டுபிடிக்காவ? உள்ள போயி எங்க ஒட்ட?

சங்கரன் மாமா 8:20
ஒட்டவே வேண்டாம் மருமவனே, நியூட்ரானே சேதி கொண்டாரும். எரிபொருளச் சுத்தி கோர் பேரல்னு எஃகு உருளை தொங்குது. அதுக்கும் உலைக் கலத்துச் சுவருக்கும் நடுவுல தண்ணி. உருளை ஒரு பக்கம் சாஞ்சா அங்கன தண்ணி மெலிசாவும், வெளிய இருக்க அயன் சேம்பருக்கு (நியூட்ரான அளக்குற கருவி) நியூட்ரான் கூட வரும். எதிர்ப்பக்கம் குறையும்.

சங்கரன் மாமா 8:22
ஆனா அந்த ஏத்த இறக்கம் ரொம்பப் பொடிசு, மீட்டர் முள்ளுல தெரியாது. நிலையான பாகத்தக் கழிச்சுட்டு மிச்ச நடுக்கத்த மட்டும் பெருக்கிப் பதியணும்.

கோமதி அக்கா 8:27
சாம்பிள் எடுக்க முன்னாடியே ஃபில்டர் போடணும் இசக்கி. ஃபில்டர் இல்லாம வினாடிக்கு 60 சாம்பிள் எடுத்தா, 50 ஹெர்ட்ஸ் கரண்டு இரைச்சல் மடங்கி 10 ஹெர்ட்ஸுல பொய்ச் சிகரமா நிக்கும். அரை மணி நேரப் பதிவத் துண்டு போட்டு, ஒவ்வொண்ணுக்கும் எஃப்.எஃப்.டி (எந்த ஹெர்ட்ஸுல எவ்வளவு நடுக்கம்னு பிரிக்கிற கணக்கு) எடுத்து சராசரி பாரு.

இசக்கி 8:29
உருளைதான் ஆடுதுன்னு எப்படி உறுதி பண்ண?

சங்கரன் மாமா 8:34
அழுத்த நீர் உலை (தண்ணி கொதிக்காம அழுத்தி வைக்கிற உலை) பலதுல உருளையோட ஊசலாட்டம் 8 ஹெர்ட்ஸ் பக்கத்துல வரும். எதிரெதிர் சேம்பர் ரெண்டும் அந்த இடத்துல 180 டிகிரி மாறி ஏறி இறங்குனா உருளை ஆடுது. சேந்தே ஏறி இறங்குனா ரியாக்டிவிட்டி, அதாவது உலையோட தொடர்வினைப் போக்கு, மாறுது. அமெரிக்காவுல பாலிசேட்ஸ் உலையில 1973ல பேரல் பிடிப்பு தளந்தது சேம்பர் நடுக்கத்துலதான் தெரிஞ்சுது.

இசக்கி 8:36
உலைக்குள்ளயே நியூட்ரான அளக்க ரோடியம் டிடெக்டர் உண்டுல்லா, அதுல பாக்கக் கூடாதா?

கோமதி அக்கா 8:38
நியூட்ரான வாங்குன ரோடியம் சிதையும்போதுதான் அதுல சிக்னல் வரும், அந்தச் சிதைவோட அரை ஆயுசு 42 வினாடி. வேகமான நடுக்கம் மழுங்கிப் போவும். வெளிச் சேம்பர்தான் சரி.

சங்கரன் மாமா 8:45
இன்னொண்ணு. எரிபொருள் எரிய எரிய தண்ணியில நியூட்ரான உறிஞ்சுற போரானக் குறைப்பாவ. அப்பம் தண்ணி சூடு லேசா மாறுனாலும் வினை கூட அசையும், 1 ஹெர்ட்ஸுக்குக் கீழ நடுக்கம் தானா ஏறும். அது கோளாறு இல்ல. எரிபொருள் மாத்துன மறுநாள் எடுத்த நடுக்க வரைபடத்தோட மட்டும் ஒப்பிட்டா வீண் அலாரம்தான்.

இசக்கி 8:47
கம்ப்யூட்டருக்குப் படிச்சுக் குடுத்தா?

கோமதி அக்கா 8:53
குடுக்கலாம். கெட்ட நிலைப் பதிவு அதிகம் கிடைக்காது, அதனால உலை நல்லா இருக்கப்ப எடுத்த பதிவத்தான் படிக்க வைக்கணும். பாதிப் பவர், முழுப் பவர், போரான் அளவு எல்லாம் அதுல இருக்கணும். சென்சார மொதல்ல சோதி. பிரஷர் டிரான்ஸ்மிட்டருக்கு (அழுத்தத்த அளந்து அனுப்புற கருவி) போற சின்னக் குழாய் அடைச்சா, வேகமான நடுக்கம் செத்து சிக்னல் வழவழன்னு ஆயிரும். ப்ரோக்ராம் அத ‘நல்லா இருக்கு’ன்னு சொல்லிரக் கூடாது. ஒரே இடத்த அளக்க இன்னொரு டிரான்ஸ்மிட்டரோட ஒத்துப் பாரு. ஒண்ணு மட்டும் மழுங்குனா, அந்தக் குழாயத்தான் கழுவணும்.