டெக்சஸில் சொத்து வரி மதிப்பீட்டாளர் ஆக வேண்டும்: முதலில் படிப்பா, முதலில் வேலையா?

காவிரிக்கரைக்காரி:

அனைவருக்கும் வணக்கம். ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். வயது 43. திருமணத்துக்கு முன்பு திருச்சியில் ஒரு மதிப்பீட்டுப் பொறியாளரின் அலுவலகத்தில் ஆறு வருடம் இருந்தேன். வங்கிக் கடனுக்காக வீடுகளை அளப்பது, வழிகாட்டி மதிப்பு பார்ப்பது, தேய்மானம் கழிப்பது, அறிக்கை தட்டச்சு செய்வது எல்லாம் என் பொறுப்பு. இங்கே வந்தபின் பதினோரு வருடம் பிள்ளைகளோடு போய்விட்டது. சென்ற வருடம்தான் கிரீன் கார்டு கிடைத்தது.

ஏப்ரலில் எங்கள் வீட்டுக்குச் சொத்து வரிக்கான மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தது. வீட்டுக்காரர் தொகையைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தபோது நான் பரப்பளவைப் பார்த்தேன். உதைத்தது. பின்பக்கம் கூரை மட்டும் போட்ட திறந்த தாழ்வாரத்தையும் வீட்டின் பரப்போடு சேர்த்திருந்தார்கள். டேப் பிடித்து அளந்து, படம் வரைந்து அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் திருத்தினார்கள். "இதையே வேலையாக வைத்துக்கொள்ளேன்" என்றார் அவர், கிண்டலாக. நான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்? இணையத்தில் ஒரு பயிற்சி நிறுவனம் உரிமத்துக்கான வகுப்பு என்று பெரிய தொகை கேட்கிறது. கட்டலாமா?

டேப்பும் நாய் பிஸ்கட்டும்:

கட்டாதீர்கள் சகோதரி. ஆஸ்டின் பக்கம் ஒரு கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்பது வருடமாக இதே வேலையில் இருக்கிறேன்.

நீங்கள் பார்த்த வகுப்பு அநேகமாக வேறு உரிமத்துக்கானது. வீட்டுக் கடன் தரும் வங்கிக்காக ஒவ்வொரு வீடாக மதிப்பிடுகிறவர்களுக்கு உரிமம் தருவது தனி வாரியம். சொத்து வரி மதிப்பீட்டாளரைப் பதிவு செய்வது டி.டி.எல்.ஆர். என்கிற மாநில உரிமத் துறை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

வரி மதிப்பீட்டில் வரிசையே தலைகீழ். முதலில் ஒரு கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில், அதாவது வரிக்காகச் சொத்துகளை மதிப்பிடும் அலுவலகத்தில், வேலை கிடைக்க வேண்டும்; அதன்பின் பதிவு; அதற்கும் பின்தான் படிப்பு. 18 வயது, டெக்சஸில் வசிப்பு, பள்ளி இறுதிப் படிப்பு, இவற்றோடு மதிப்பீட்டுப் பணியில் இருக்கவும் வேண்டும் என்கிறது சட்டம். பட்டம் கேட்பதில்லை. முதல் நிலையில் பதிவாகி, ஐந்து வருடத்துக்குள் நான்காம் நிலையை எட்ட வேண்டும். சொத்து வரிச் சட்டம், மதிப்பீட்டு முறைகள், தொழில் நெறி என்று பாடங்கள். மேல் நிலைகளுக்குத் தேர்வும் உண்டு. எனக்குக் கட்டணம் கட்டியது அலுவலகம்தான். கடைசித் தேர்வில் முதல் தடவை தோற்றேன். வாடகை வருமானத்தை வைத்து மதிப்பிடும் கணக்கு காலை வாரிவிட்டது. அதை மட்டும் இப்போதே படித்து வையுங்கள்.

திருச்சி அனுபவம் உதவும். ஆனால் ஓரிடத்தில் திகைப்பீர்கள். நம் ஊரில் பத்திரத்தைப் பிரித்தால் ஒரு தொகை இருக்கும், உண்மையோ பொய்யோ. இங்கே பல பத்திரங்களில் 'பத்து டாலரும் மதிப்புள்ள இதர பிரதிபலனும் பெற்றுக்கொண்டு' என்றுதான் எழுதியிருக்கும். அரை மில்லியன் டாலர் வீட்டுக்கும் அதே பத்து டாலர்! விற்ற விலையை அரசிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் டெக்சஸில் இல்லை. ஆனால் ஜனவரி 1ஆம் தேதியின் சந்தை மதிப்பை நாம் சொல்லியாக வேண்டும். வாங்கியவர்களுக்குக் கடிதம் போட்டுக் கேட்போம். பத்தில் ஒருவர் பதில் எழுதினால் அன்று அலுவலகத்தில் விசேஷம். பிறகு கிடைத்த விலைகளை வைத்து ஒரு குடியிருப்புப் பகுதி முழுவதற்கும் சேர்த்து மதிப்புப் போட வேண்டும். தனி வீட்டுக்கு இருபது பக்க அறிக்கை எழுதிய கைக்கு இது முதலில் அரைகுறை வேலையாகவே தோன்றும். எனக்கு இரண்டு வருடம் அப்படித்தான் தோன்றியது.

குளிர்காலத்தில் தெருத்தெருவாக நடை. வீட்டுக்குள் போவதில்லை, வெளிச்சுவரைத்தான் அளப்போம். அடையாள அட்டை கழுத்தில் தொங்கினாலும், நம் நிறத்தில் ஒருவன் டேப்போடு வேலியோரம் நின்றால் காவல்துறைக்கு அழைப்புப் போகும். எனக்கு இரண்டு முறை போனது.

பிறகு மே மாதம். ஆட்சேபத்துக்குப் பொதுவாக மே 15 கடைசி நாள். தினமும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்வார்கள். வரி விகிதத்தை முடிவு செய்வது பள்ளி வாரியமும் நகரமும் கவுண்டியும், திட்டு நமக்கு. களிமண் பூமி என்பதால் அஸ்திவார விரிசல் படத்தோடு வருகிறவர் அதிகம். ஒப்பந்தக்காரரின் செலவு மதிப்பீட்டையும் கொண்டுவந்தால் குறைத்துத் தருவேன், மகிழ்ச்சியோடு. ஒருமுறை நம் பெரியவர் ஒருவர் மேசையில் என் பெயரைப் படித்துவிட்டு, "தம்பி எந்த ஊர்?" என்று தமிழில் ஆரம்பித்தார். சொல்லிவிட்டு, ஆங்கிலத்துக்கு மாறி, அவர் கோப்பைச் சக ஊழியரிடம் கொடுத்தேன். மனிதர் கோவிலில் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

எதிர்க்கட்சி:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் மேசைக்கு இந்தப் பக்கமும் வேலை இருக்கிறது. வீட்டு உரிமையாளர் சார்பில் ஆட்சேபம் செய்யும் வரி ஆலோசகர் நான். எங்களையும் பதிவு செய்வது அதே டி.டி.எல்.ஆர்.தான். பக்கத்து வீடுகளைவிட அதிகமாக மதிப்பிட்டுவிட்டார்கள் என்று வாதாட நல்ல ஒப்பீட்டு வீடுகளைப் பொறுக்கத் தெரிய வேண்டும். தாழ்வாரத்தைக் கண்டுபிடித்த கண் எங்களுக்கு வேண்டும்! வருமானமும் கூடுதல்.

டேப்பும் நாய் பிஸ்கட்டும்:

கூடுதல்தான், மே முதல் ஆகஸ்ட் வரை. தீபாவளிக்கு என்ன வருமானம் என்று அவரையே கேளுங்கள். அந்தப் பக்கம் போவதானாலும் முதலில் இந்தப் பக்கம் சில வருடம் இருந்துவிட்டுப் போவது நல்லது. இவரே அப்படிப் போனவர்தான்.

காவிரிக்கரைக்காரி:

இருவருக்கும் நன்றி. பணம் கட்டவில்லை. பக்கத்துக் கவுண்டியில் பயிற்சி மதிப்பீட்டாளர் வேலைக்கு அறிவிப்பு வந்திருக்கிறது. இன்று இரவு விண்ணப்பம் எழுதப்போகிறேன். நான் வரைந்த தாழ்வாரப் படத்தையும் இணைக்கலாமா, அது அதிகப்பிரசங்கித்தனமா? இன்னொன்று: நாய் பிஸ்கட் உண்மையிலேயே வேலை செய்கிறதா?

டேப்பும் நாய் பிஸ்கட்டும்:

படத்தை இணைக்க வேண்டாம். நேர்காணலுக்குக் கையில் கொண்டுபோங்கள். பேச்சு அளவைப் பக்கம் வரும்போது எடுத்து வையுங்கள். அந்த அலுவலகம் செய்த தவறு என்று சொல்லாதீர்கள், நீங்கள் அளந்த விதத்தை மட்டும் சொல்லுங்கள்.

பிஸ்கட் சின்ன நாய்க்குத்தான். பெரிய நாய் இருக்கும் வீட்டில், வேலிக் கதவைத் தொடும் முன் காரின் முகப்பைத் தெருப் பக்கம் திருப்பி நிறுத்திவிடுங்கள்.