பனி சில நாள் மட்டும் ஏன் கையில் ஒட்டுவதில்லை? (சின்ன வயது ஞாபகமும் ஒரு சந்தேகமும்)

கிழிந்த_கையுறை:
பனி விழும் ஊரில் வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். போன வாரம் பனி விழுந்ததும் பனிமனிதன் செய்யலாம் என்று மகளை வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வித்தைக்காரன் மாதிரி குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அமுக்கிவிட்டுக் கையைத் திறந்தால் மாவு மாதிரி உதிர்கிறது. மூன்று முறை முயன்றேன். "உனக்குச் செய்யத் தெரியாதாப்பா?" என்று கேட்டே விட்டாள்.

எனக்கு ஏழெட்டு வயதில் இதே அவமானம் நடந்திருக்கிறது. சில நாள் ஒரு சின்ன உருண்டையைப் பிடித்துத் தரையில் உருட்டினால் போதும், அடியில் புல் தெரிகிற அளவுக்குப் பனி பாய் போலச் சுருண்டு வரும். சில நாள் என்ன செய்தாலும் ஒட்டாது. அண்ணன் மட்டும் பனியைத் தொடக்கூட மாட்டான். வாசலில் இறங்கி இரண்டு அடி வைப்பான், "இன்றைக்குத் தேறாது, வா, ஸ்லெட்ஜ் சறுக்குப் பலகையை எடுப்போம்" என்பான். எப்படித் தெரியும் என்றால் "சத்தத்திலேயே தெரியுதே" என்பான். கதை விடுகிறான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது போன் பண்ணிக் கேட்டால் அப்படி எதுவும் சொன்ன ஞாபகமே இல்லையாம்! சத்தத்துக்கும் பனிக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டா? அப்படியே உங்கள் பழைய கதைகளையும் எழுதுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.

ஈரக்காலுறை:
அண்ணன் சொன்னது உண்மைதான். மைனஸ் 10 டிகிரி, அதற்கும் கீழே என்று குளிர் போன நாளில் பூட்ஸ் வைத்தால் பனி கிறீச் கிறீச் என்று கத்தும், காய்ந்த துகள்கள் ஒன்றோடொன்று உரசி நொறுங்குகிற சத்தம் அது. பூஜ்யத்தை ஒட்டிய நாளில் கிறீச் இருக்காது, சதக் என்று அமுங்கும். பனியைப் பந்தாகப் பிடிக்க அந்தச் சதக் நாள்தான் வேண்டும். அப்போது துகள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அமுக்கியதும் இரண்டு துகள் தொட்டுக்கொள்கிற இடத்தில் அந்த நீர் உறைந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு ஐஸ் துண்டுகளைச் சேர்த்து வைத்தால் தானாக ஒட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று மைக்கேல் ஃபாரடே 1850இலேயே சொல்லியிருக்கிறார்.

"கையால் அழுத்துகிற அழுத்தத்தில் பனி உருகி ஒட்டுகிறது" என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், உருகுநிலை 1 டிகிரி இறங்கவே 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையின் கையில் அவ்வளவு பலம் ஏது?

சரி, வழி என்னவென்றால், வெயில் ஏறும் மதியம் வரை பொறுங்கள். அதற்கும் பொறுமை இல்லையென்றால் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பனி மேல் லேசாக அடியுங்கள். ஒரு எச்சரிக்கை: ஈரப்பனி கனக்கும். முழங்கால் உயர உருண்டையே 25, 30 கிலோ வந்துவிடும். ஆகவே தலையைச் சின்னதாகச் செய்யுங்கள்.

குளத்தங்கரை:
எங்களுக்குப் பனிமனிதன் எல்லாம் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, குளம் உறைந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. கல்லைத் தூக்கிப் போட்டுப் பார்ப்போம். "டொக்" என்று உருண்டால் சரி என்று முடிவு கட்டிவிடுவோம். எவ்வளவு மடத்தனம் என்று இப்போது புரிகிறது. கண்ணாடி மாதிரி தெளிவான ஐஸே குறைந்தது 10 செ.மீ. கனம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பார்கள். வெள்ளையாக, பால் நிறத்தில் இருக்கும் ஐஸுக்கு அதில் பாதி பலம்தான். நாணல் நிற்கிற இடத்திலும் ஓடை வந்து சேர்கிற வாயிலும் எப்போதும் மெல்லிசாக இருக்கும்.

நான் கால் வைத்தது சரியாக அந்த நாணல் பக்கம். நல்லவேளை, முழங்கால் ஆழம்தான். வலது கால் உள்ளே போனதும் குளிர் தெரியவில்லை, சுட்டது போல இருந்தது. வீட்டுக்குப் பத்து நிமிட நடைதான், அதற்குள் பேன்ட் கால் பலகை மாதிரி விறைத்துவிட்டது, முட்டியை மடக்க முடியாமல் விந்தி விந்தி வந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் பின்கதவு வழியாக நுழைந்தாகிவிட்டது, ஆனால் பூட்ஸ் கயிறு முடிச்சோடு உறைந்து கம்பி மாதிரி ஆகிவிட்டதால் அவிழ்க்க வரவில்லை. பூட்ஸோடே குளியல் தொட்டியில் ஏறி நின்று வெந்நீரைத் திறந்துவிட்டேன். அம்மா வந்து கதவைத் திறந்தபோது அந்தக் கோலத்தில் நின்றுகொண்டிருந்தேன். திட்டவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது.

ஆறுகோணம்:
நான் பனிப்பந்து எறிந்து சண்டை போடுகிற ரகம் இல்லை, கறுப்புக் கம்பளிக் கோட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஒரு ஓரமாக நிற்கிற ரகம். பனித்துகள் வந்து விழும், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும், மூச்சு பட்டால் நட்சத்திரம் போய் ஒரு சொட்டு ஆகிவிடும். ஒரு நாள் ஊசி ஊசியாக விழும், இன்னொரு நாள் பெரிய இலை நட்சத்திரமாக விழும். காரணம் பின்னால்தான் தெரிந்தது: மேகத்தில் மைனஸ் 5 டிகிரி அளவில் ஊசிகளும், மைனஸ் 15ஐ ஒட்டி அந்தக் கிளை விட்ட நட்சத்திரங்களும் வளர்கின்றன. ஜப்பானில் நகாயா உகிச்சிரோ 1936இல் ஆய்வகத்திலேயே பனிப்படிகம் வளர்த்துக் காட்டி இந்தக் கணக்கை எல்லாம் பிடித்தவர். அவருக்கும் முன்னால் 1885இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி நுண்ணோக்கியில் கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தார், ஆயுசுக்கும் 5000 படங்களுக்கு மேல். அவரும் கறுப்புத் துணியில்தான் துகளைப் பிடித்திருக்கிறார் என்று படித்தபோது, நான் கோட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தவர்களை எல்லாம் நினைத்துக்கொண்டேன்.

மரத்த_விரல்:
விளையாடும்போது யாருக்கும் விரல் வலிக்காது, உள்ளே வந்தபின் ஆரம்பிக்குமே ஒரு குத்தல், அதை ஏன் யாரும் எழுதவில்லை? தம்பி கையை உதறிக்கொண்டே கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். பக்கத்து வீட்டுப் பெரியவர் மரத்த விரலைப் பனியாலேயே தேய்க்கச் சொல்வார், நாங்களும் தேய்த்திருக்கிறோம். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், தோல் இன்னும் கெடும். கொதிக்கிற தண்ணீரும் கூடாது, மரத்த விரலுக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். உடம்புச் சூட்டை ஒட்டிய வெதுவெதுப்பான தண்ணீர் போதும். விரல் வெளுத்து, கெட்டியாகி, உணர்ச்சி திரும்பாவிட்டால் நேராக டாக்டரிடம் போய்விடுங்கள்.

அப்புறம், விரல் விரலாகப் பிரிந்த கையுறையை விட நாலு விரலும் ஒரே பைக்குள் இருக்கிற கையுறைதான் சூடு. உங்கள் மகளுக்கு அதையே வாங்குங்கள், இரண்டு ஜோடி, ஒன்று கட்டாயம் நனையும்.

கிழிந்த_கையுறை:
எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் வெளியே இறங்கி இரண்டு அடி வைத்தேன், சதக். ஸ்ப்ரே பாட்டிலுக்கு வேலையே இல்லை. மகள் உருட்ட ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை, நானும் உற்சாகத்தில் தலையைச் சின்னதாகச் செய்யச் சொன்னதை மறந்துவிட்டேன். உடம்பு அவள் நெஞ்சு உயரம் வந்தது. தலையை நான் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து ஒருமுறை தூக்கிப் பார்த்தோம், இரண்டு அங்குலம்கூட எழும்பவில்லை. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. தலை கிடந்த இடத்திலேயே கண்ணும் மூக்கும் வைத்துவிட்டு, "அவருக்குத் தூக்கம் வந்துவிட்டதுப்பா, படுத்திருக்கிறார்" என்றாள். என் இடுப்புக்கு மட்டும் இன்னும் சரியாகவில்லை.