மறு: 'பியர் டு பியர்' அடகுக் கடன்: தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் இந்த வகைக் கடனுக்குத் தமிழில் 'பங்கடகு' என்று ஒரு சொல்லை முன்வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் பதினேழு மடல்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தனித்தனியாகப் பதில் போட்டால் இழை இன்னும் சிக்கலாகும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒருவரிடம் நல்ல கைக்கடிகாரம் இருக்கிறது, இல்லையென்றால் வைர மோதிரம், பழைய மாடல் கார், ஓவியம். விற்க மனமில்லை, ஆனால் ஆறு மாதத்துக்குப் பணம் வேண்டும். அடகுக்கடைக்குப் போனால் கடைக்காரர் தன் கல்லாவிலிருந்து கொடுப்பார். 'பியர் டு பியர்', அதாவது ஆளுக்கு ஆள் கொடுக்கும் முறையில் ஓர் இணையதளம் பொருளை அடகாக வாங்கி, மதிப்புப் போட்டு, காப்பறையில் பூட்டி வைக்கிறது. பணம் கொடுப்பவர்களோ முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர். ஒருவர் 20 பவுண்டு போடுவார், இன்னொருவர் 100 போடுவார். வட்டி அவரவர் போட்டதற்கு ஏற்பப் பிரியும். தளம் தன் கூலியை எடுத்துக்கொள்ளும். பிரிட்டனில்தான் இது வளர்ந்தது. 2005இல் சோப்பா என்ற நிறுவனம் அங்கே தொடங்கிவைத்தது ஈடில்லாத கடன். பொருளை வாங்கி வைத்துக்கொண்டு கொடுக்கும் வகை பின்னால் வந்து சேர்ந்தது. புதிதாக இதில் பணம் போட நினைப்பவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறோம், அதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

> 'பங்கடகு' என்றதும் எனக்குத் தோன்றுவது நிறுவனப் பங்குகளை அடகு வைப்பதுதான். வணிகப் பக்கத்தில் அந்தச் செய்தி அடிக்கடி வருகிறதே.

கோவை அண்ணா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. பலரும் பங்கு போட்டுக் கொடுப்பதால் பங்கு, பொருள் கைமாறுவதால் அடகு என்று சேர்த்தேன். புணர்ச்சியும் அழகாக அமைந்ததில் மயங்கிவிட்டேன். ஆனால் பணம் சம்பந்தப்பட்ட ஒரு சொல்லை வாசகர் முதல் தடவையே தவறாகப் புரிந்துகொள்வார் என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

> வங்கிகள் எல்லாம் 'பிணையம்' என்றுதான் எழுதுகின்றன. 'சகபிணைக் கடன்' என்றால் என்ன குறை?

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஐயா. பிணை என்றால் நம் மக்கள் மனதில் வருவது ஓர் ஆள். 'அவனுக்கு நான் பிணை நிற்கிறேன்' என்கிறோம். நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது என்கிறோம். வங்கிப் படிவத்தில் பிணையம் என்ற சொல் பொருளையும் நிலத்தையும் சேர்த்துக் குறிப்பது உண்மைதான். அந்தச் சேர்த்துச் சொல்லும் பழக்கம்தான் எனக்கு இந்த இடத்தில் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போகும். பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நானும் கூடப் போவேன். கடைக்காரர் உரைகல்லில் ஒரு கோடு இழுப்பார், பக்கத்தில் தன்னிடம் இருக்கும் தங்கக் குச்சியால் இன்னொரு கோடு இழுப்பார், இரண்டின் மேலும் அமிலத்தைத் தொட்டு வைத்துப் பார்ப்பார். பதக்கத்தின் கல்லுக்கும் அரக்குக்கும் எடையைக் கழிப்பார். அந்தக் கழிவைப் பற்றி அம்மா ஒவ்வொரு வருடமும் வாதாடுவார். பிறகு சங்கிலி ஒரு சின்னத் துணிப் பைக்குள் போகும், பையின் வாயில் நூல் சுற்றி, சீட்டு எண் எழுதிய அட்டையைக் கட்டி, எங்கள் கண் முன்னாலேயே இரும்புப் பெட்டிக்குள் வைப்பார். அம்மா கையில் மிஞ்சுவது அடகுச் சீட்டு. தை மாதம் வந்தால் 'நகையைத் திருப்பணும்' என்று வீட்டில் பேச்சு தொடங்கும்.

அடகு என்ற சொல்லுக்குள் இதெல்லாம் இருக்கிறது. பொருள் கைவிட்டுப் போய்விட்டது, ஆனால் இன்னும் நம்முடையது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 172ஆம் பிரிவு சொல்வதும் இதுதான்: கடனுக்கு ஈடாகப் பொருளை ஒப்படைத்தால் அது அடகு. கெடு தாண்டிவிட்டாலும், பொருள் உண்மையில் விற்கப்படும் வரை மீட்டுக்கொள்ளும் உரிமை உண்டு என்கிறது 177ஆம் பிரிவு. அடமானம் வேறு. வீட்டை அடமானம் வைத்தவர் அந்த வீட்டிலேயே குடியிருக்கிறார், பத்திரம்தான் போகிறது. பேச்சில் 'நகையை அடமானம் வெச்சேன்' என்றும் சொல்கிறோம், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தில் பிரித்துக் காட்ட நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டையும் 'செக்யூர்ட்' (ஈடுள்ள கடன்) என்ற ஒரே குடைக்குள் வைத்தார்கள்.

அந்தக் குடை என்ன செய்தது என்று பாருங்கள். ஃபண்டிங் செக்யூர் என்ற பிரிட்டிஷ் தளம் நகை, கடிகாரம், ஓவியம் போன்ற அடகுப் பொருள்களுக்குப் பலரிடமும் பணம் திரட்டிக் கொடுத்தது. பிறகு அதே பக்கத்தில், அதே சொல்லின் கீழ், கட்டடத் திட்டங்களுக்கும் கடன் கொடுத்தது. பூட்டி வைத்த மோதிரமும் பாதி எழும்பிய கட்டடமும் பணம் போடுகிறவருக்கு ஒரே 'பாதுகாப்பு' போலத் தெரிந்தன. 2019 அக்டோபரில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. கொலேட்டரல் (ஈடு) என்றே பெயர் வைத்துக்கொண்ட இன்னொரு தளமும் அடகுப் பொருளையும் நில, கட்டடக் கடனையும் கலந்துதான் நடத்தியது. உரிய அனுமதி அதற்கு இல்லை என்று தெரியவந்து 2018 பிப்ரவரியில் அதுவும் வீழ்ந்தது. சொல் சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இந்தக் கடன் அடகா, அடமானமா?' என்று தமிழில் கேட்டால், அந்த ஒரு கேள்வியிலேயே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். நம் கையேட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதனால் பிணை வேண்டாம் ஐயா, அடகு இருக்கட்டும்.

> எங்கட பக்கம் நகையை அடைவு வைக்கிறது எண்டுதான் சொல்லுவம். 'அடைவு' எடுத்தால் என்ன?

லண்டன் அக்கா, அருமையான சொல். யாழ்ப்பாணத்தில் அடைவுக்கடை என்றால் ஒரு குழப்பமும் இல்லை என்று தெரியும். இந்தக் கையேட்டை முதலில் பயன்படுத்தப்போவது பிரிட்டனில் இருக்கும் தமிழர்கள்தான் என்பதால் உங்கள் குரலுக்கு எடை அதிகம். ஆனால் தமிழ்நாட்டில் அடைவு என்றால் பரதநாட்டியம், இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்து அடைவுத் தேர்வு. இப்படிச் செய்யலாமா: தலைச்சொல் அடகு என்று வைத்து, முதல் பத்தியிலேயே 'ஈழத்தில் அடைவு' என்று எழுதி, சொல்லடைவில் இரண்டையும் சேர்ப்போம். அச்சச்சோ, அங்கேயும் ஓர் 'அடைவு' வந்துவிட்டது! 'சொற்பட்டியல்' என்று மாற்றிவிடுகிறேன்.

சரி, 'பியர் டு பியர்' பாகத்துக்கு வருவோம். சகா, நிகர், இணையர், ஒப்பார் என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. இணையர் இப்போது வாழ்க்கைத் துணையைக் குறிக்கிறது, அதை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் கணினி வலையமைப்பிலிருந்து வருகின்றன. அங்கே ஒரே நிலையில் உள்ள இரண்டு கணினிகள் பேசிக்கொள்கின்றன, நிகர் பொருந்தும். கடனில் நிகர் எங்கே இருக்கிறது? ஒருவருக்கு அவசரம், இன்னொருவருக்கு மிச்சப் பணம். அவர்களைச் சமமானவர்கள் என்று சொல்வது எனக்கு உறுத்துகிறது. நடுவில் வங்கி தன் பணத்தோடு நிற்கவில்லை, கொடுப்பவரும் ஆள், வாங்குபவரும் ஆள் என்பதுதான் இங்கே செய்தி. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தியதால் நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்று விதி இல்லை.

தேனித் தம்பி 'கைமாற்று அடகு' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் துள்ளியது. கைமாத்து வாங்காத வீடு எது? ஆளுக்கு ஆள் கொடுப்பது, வங்கி இல்லை, எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் யோசிக்க யோசிக்க இடிக்கிறது, தம்பி. கைமாத்துக்குச் சீட்டு இல்லை, வட்டி இல்லை, ஈடு இல்லை. முகத்தை நம்பிக் கொடுப்பது அது. இங்கே முகமே தெரியாது, பொருளை நம்பித்தான் கொடுக்கிறார்கள். கைமாத்து என்ற அன்பான சொல்லை இதில் ஒட்டினால், அதில் உள்ள நம்பிக்கையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பணம் போடுகிறவர் ஏமாறுவதற்கு நாமே வழி செய்ததாகிவிடும்.

ஆகவே என் புதிய பரிந்துரை: ஈடில்லாத பொதுவகைக்கு 'ஆளிடைக் கடன்', நம் தலைப்புக்கு 'ஆளிடை அடகு'. ஆள் என்பது கொச்சை என்று யாராவது சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'நபரிடை' என்றும் வைக்கலாம், ஆனால் ஆள் இரண்டே எழுத்து. ஆளிடை அடகுத் தளம், ஆளிடை அடகுக் கடன், ஆளிடை அடகு விதிகள் என்று இழுத்த இழுப்புக்கும் வருகிறது.

விதிகள் என்றதும் ஒன்று. கையேட்டில் 'இந்தியாவில் எப்படித் தொடங்குவது?' என்று ஒரு பகுதி வேண்டும் என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் பகுதி ஒரே வரிதான்: இந்தியாவில் ஆளிடை அடகுக்கு இடமில்லை. ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் கொண்டுவந்த விதிகளின்படி ஆளிடைக் கடன் தளங்களில் ஈடில்லாத கடன் மட்டுமே கொடுக்கலாம். அதிலும் ஒருவர் ஒரு கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது, எல்லாத் தளங்களிலும் சேர்த்து 50 லட்சத்தைத் தாண்டக் கூடாது (முதலில் 10 லட்சமாக இருந்ததை 2019 டிசம்பரில் உயர்த்தினார்கள்), கடன் 36 மாதத்துக்குள் முடிய வேண்டும். 2024 ஆகஸ்டில் விதிகள் இன்னும் இறுகின. இதை முதலீட்டுத் திட்டம் போலக் காட்டி விற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 'நகை ஈட்டின் மேல் பணம் போடுங்கள், தளம் பார்த்துக்கொள்ளும்' என்று நம் ஊரில் யாராவது அழைத்தால், அந்த விதிகளில் அதற்கு இடமில்லை என்று வாசகருக்கு உடனே தெரிய வேண்டும். பிரிட்டனில் அனுமதி உண்டு, ஆனால் புதிதாக வருபவர் தன் முதலீட்டுப் பணத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போடக் கூடாது என்று 2019 டிசம்பரிலிருந்து கட்டுப்பாடு. வங்கி வைப்புக்கு உள்ள இழப்பீட்டுத் திட்டம் இதற்குக் கிடையாது. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், அக்கா.

இன்னும் தீராத இடம் 'வேல்யூ' என்ற சொல். வரைவில் எல்லா இடத்திலும் 'மதிப்பு' என்று வருகிறது, அது போதாது. அம்மாவின் சங்கிலிக்கு எடை இருந்தது, அன்றைய தங்க விலை இருந்தது, கிராமுக்கு எவ்வளவு என்று கேட்டால் முடிந்தது. கடிகாரத்துக்கு அப்படி இல்லை. எடுத்துக்காட்டுக்கு, 1,000 பவுண்டு என்று மதிப்பிட்ட கடிகாரத்தின் மேல் 700 பவுண்டு கொடுக்கிறார்கள், மாத வட்டி ஒரு விழுக்காடு. ஆறு மாதம் கழித்து வரவேண்டியது 742. ஆள் வரவில்லை, பொருள் ஏலத்துக்குப் போகிறது, 800க்குப் படிகிறது. ஏலக்காரர் 20 விழுக்காடு எடுத்துக்கொண்டால் மிச்சம் 640. மதிப்பில் 70 விழுக்காடுதான் கடன் என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு 102 பவுண்டு துண்டு விழுகிறது. ஆகவே கடைவிலை, ஏலவிலை, கைக்கு வரும் விலை என்று மூன்றாகப் பிரித்து எழுதுவோம். எந்த விலையை வைத்து விழுக்காடு சொல்கிறார்கள் என்று வாசகர் கேட்கட்டும். மதிப்புப் போட்டவரும் பொருளைப் பூட்டி வைத்திருப்பவரும் ஒரே ஆளா என்பதும் அதோடு சேர்ந்த கேள்வி. மதிப்பீட்டாளர், காப்பாளர் என்று இரண்டு தனிச் சொற்கள் வரைவில் வந்திருப்பது நல்லது, அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக, மீட்காத பொருள் கைவிட்டுப் போவதைச் சொல்லும் 'ஃபோர்ஃபீட்' என்பதற்கு வரைவில் 'பறிமுதல்' என்று இருக்கிறது. இதை மட்டும் தயவுசெய்து மாற்றுங்கள். பறிமுதல் போலீஸ் செய்வது. அடகில் வைத்து மீட்காத நகையை நம் மக்கள் 'மூழ்கிப் போச்சு' என்பார்கள். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் மழை இல்லை, தை வந்தும் கையில் பணம் வரவில்லை. கடையிலிருந்து அஞ்சலட்டை வந்தது. அம்மா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'மூழ்கிடும்போல' என்று மட்டும் சொன்னார். சட்ட நூல் எழுதுபவருக்கு 'மூழ்கிய அடகு' பொருத்தமில்லாமல் தோன்றலாம், ஆனால் அடகு வைத்த எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. லண்டன் அக்கா, யாழ்ப்பாணத்தில் இதற்கு என்ன சொல்வீர்கள்? அங்கே வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், வரைவை வெள்ளிக்கிழமை அனுப்புவதற்குள் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து