மேட்லிப்பின் ‘ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ’ இன்றும் பழசாகாதது ஏன்?

கேள்வி: இசைத்தேடல்

கலிஃபோர்னியாவின் ஆக்ஸ்னார்ட் நகரைச் சேர்ந்த ஹிப் ஹாப் தயாரிப்பாளர் மேட்லிப், 2003-இல் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக உருவாக்கிய ‘ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தைக் கொஞ்ச காலமாக விடாமல் கேட்டு வருகிறேன். 1939-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அந்த ஜாஸ் நிறுவனம் தன் பழைய ஒலிப்பதிவுகளை அவருக்குத் திறந்துவிட்டது. அவற்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைக் கொண்டும், சில உருப்படிகளைத் தாமே மீண்டும் வாசித்தும் அவர் இதை அமைத்தார். ராப் குரல் மிக அரிதாகவே வருகிறது, பெரும்பகுதி கருவியிசைதான்.

ஜாஸ் துண்டு ஒன்றின் மேல் மென்மையான ட்ரம்ஸை ஓடவிட்ட இசை இன்று இணையத்தில் மணிக்கணக்காகக் கிடைக்கிறது. படிக்கும்போதும் வேலை செய்யும்போதும் அதைக் கேட்கிறோம். முடிந்த பிறகு ஒரு மெட்டுகூட மனத்தில் தங்குவதில்லை. இந்த ஆல்பத்தை மட்டும் என்னால் அப்படிப் பின்னணியில் வைத்துக்கொள்ள முடியவில்லை, கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கத் தோன்றுகிறது. மூலப்பொருள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

மறுமொழி: தாளவழி

என் காதுக்கு அது ட்ரம்ஸிலிருந்தே தொடங்குகிறது. நீங்கள் சொல்லும் பின்னணி இசையிலும் அடிகளைச் சற்றுத் தள்ளிப் போடும் வழக்கம் உண்டு. ஆனால் எல்லா அடிகளும் ஒரே அளவு தள்ளி விழுவதால் காது விரைவில் பழகிப்போய்க் கவனிப்பதை விட்டுவிடுகிறது. மேட்லிப்பிடம் அந்தத் தள்ளல் நிலையாக இருப்பதில்லை. ஸ்னேர் எனும் ட்ரம்மின் அடி ஒருமுறை முந்தி விழும், அடுத்த முறை தயங்கி வரும்.

அதைவிட முக்கியமானது, அவர் வெறும் வெட்டி ஒட்டுபவர் அல்லர் என்பது. ‘யெஸ்டர்டேஸ் நியூ குவின்டெட்’ என்ற பெயரில் 2001-இலேயே அவர் ஓர் ஆல்பம் வெளியிட்டிருந்தார். ஐந்து பேர் கொண்ட குழு என்று உறையில் இருந்தாலும், கீபோர்டு, பாஸ், வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி), ட்ரம்ஸ் என எல்லாவற்றையும் வாசித்தவர் அவர் ஒருவரே. மற்றவை கற்பனைப் பெயர்கள். அந்தக் குழு இந்த ஆல்பத்துக்குள்ளும் வந்து ‘ஃபுட்பிரின்ட்ஸ்’ வாசிக்கிறது. சாக்ஸஃபோன் கலைஞர் வேய்ன் ஷார்ட்டர் 1966-இல் பதிவு செய்த அது, ஆறு எண்ணிக்கையில் சுழலும் ஒரு படைப்பு; நான்கடியில் திரும்பத் திரும்ப வரும் லூப்பிலேயே வளர்ந்த ஒரு ஹிப் ஹாப் தயாரிப்பாளர் அதைத் துணிந்து கையில் எடுத்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. ஒரே மனிதர் ஒவ்வொரு கருவியாக வாசித்து அடுக்கும்போது, அடுக்குகளுக்கிடையே சிறு சிறு விலகல்கள் நேர்கின்றன. அவர் அவற்றைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். அந்த விலகல்கள்தாம், ஐவர் ஓர் அறையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பது போன்ற உணர்வைத் தருகின்றன.

மறுமொழி: ஆர்கன் ரசிகர்

தாளவழி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ட்ரம்ஸ் மட்டுமே காரணமென்றால், அதே கையால் செய்த மற்ற பீட்களும் இதே அளவுக்கு நிலைத்திருக்க வேண்டும். இந்த ஆல்பத்தின் வலு தேர்வில் இருக்கிறது. ‘மிஸ்டிக் பவுன்ஸ்’ என்ற பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம், ஆர்கன் கலைஞர் ரானி ஃபாஸ்டர் 1972-இல் வெளியிட்ட ‘மிஸ்டிக் ப்ரூ’. அதே மெட்டைத்தான் ‘எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட்’ குழு 1993-இல் ‘எலெக்ட்ரிக் ரிலாக்சேஷன்’ பாடலுக்கு அடித்தளமாக்கியிருந்தது. ஹிப் ஹாப் ரசிகர்கள் அனைவருக்கும் மனப்பாடமாகிவிட்ட ஒரு துண்டை, பத்தாண்டுகள் கழித்து, அதுவும் மூல நிறுவனத்தின் அனுமதியோடு மீண்டும் தொடுவது எளிதான காரியமன்று. கேட்பவரின் நினைவில் இருக்கும் இரண்டு பதிவுகளோடும் மேட்லிப் ஒரே நேரத்தில் பேசுகிறார்.

இந்த மெட்டின் பயணம் அத்தோடு நிற்கவில்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், 2009-இல் வெளியான தம் ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஆல்பத்தில் ‘மிஸ்டிக் ப்ரூ’வைத் தம் மூவர் குழுவோடு வாசித்தார். ஜாஸிலிருந்து ஹிப் ஹாப்புக்குப் போன ஒரு மெட்டு மறுபடி ஜாஸுக்கே வந்து சேர்ந்தது. மேட்லிப்பின் ஆல்பம் இந்தப் போக்குவரத்தின் நடுவில் நிற்பதால்தான், எந்தப் பக்கத்திலிருந்து வருபவருக்கும் அதில் நுழைய ஒரு வழி கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

ப்ளூ நோட் பதிவுகளை வைத்து லண்டனின் ‘அஸ் த்ரீ’ குழு 1990-களின் தொடக்கத்தில் செய்த ‘கான்டலூப்’ இதற்கு முன்பே பெரும் வெற்றி பெற்றது. எனக்கு அது பிடிக்கும். ஆயினும் அதில் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் மெட்டு நடனத்துக்கான கொண்டாட்டமாக மாறிவிடுகிறது. அதற்கப்பால் தேட எதையும் அது மிச்சம் வைப்பதில்லை.

மறுமொழி: வைப்ரஃபோன் பித்தன்

நீங்கள் இருவரும் அவர் செய்தவற்றைச் சொன்னீர்கள். அவர் செய்யாமல் விட்டவற்றையும் சேர்க்க விரும்புகிறேன். ‘மொன்டாரா’ பகுதியில் பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன் ஒலி எங்கும் நொறுக்கப்படவில்லை. அது தன் போக்கில் மிதக்க இடம் விட்டு, அடியில் தாளத்தை மட்டும் மேட்லிப் கனப்படுத்துகிறார். டிரம்பெட் கலைஞர் ஜான் ஃபாடிஸ் மேட்லிப்புக்கு மாமா உறவு. ஜாஸ் அவருக்கு வீட்டிலேயே இருந்த இசை. ஒரு வாசிப்பை எங்கே தொடக்கூடாது என்பது அப்படி வளர்ந்தவர்களுக்கு இயல்பாகவே தெரிகிறது.

இசைத்தேடல் அவர்களே, 1975-இல் வந்த ஹட்சர்சனின் ‘மொன்டாரா’ ஆல்பத்தை முதலில் முழுவதுமாகக் கேட்டுவிட்டு, மறுநாள் மேட்லிப்பின் வடிவத்துக்கு வாருங்கள். எது கூடியது, எது குறைந்தது என்பது முதல் ஒரு நிமிடத்திலேயே உங்களுக்குப் புலப்படும்.