புதுப்பிப்பு: பனியில் டோர்ச் அடித்தால் கண் கூசும் பிரச்சினை தீர்ந்தது

மட்டக்களப்பு படுவான்கரையில் வயல் காவலில், தலையில் கட்டும் லைட்டைப் போட்டால் பனி வெள்ளைச் சீலை மாதிரி முன்னால் நிற்கிறது, யானை வரும் வரம்பே தெரியவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

இருட்டில் நடக்கும் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகும் வெளிநாட்டு அண்ணர் சொன்னதுதான் சரிவந்தது. துப்பாக்கியில் பூட்டிய லைட்டின் வெளிச்சம், வெடிமருந்துப் புகையில் பட்டுச் சுடுபவரின் கண்ணுக்கே திரும்புமாம். கை டோர்ச் என்றால் தள்ளிப் பிடிக்கலாமாம். நானும் டோர்ச்சை இடுப்பளவில், உடம்பை விட்டு நன்றாக நீட்டிப் பிடித்தேன். வரம்பும் அதற்கப்பால் வேலிக் கம்பியும் தெரிந்தன! வெளிச்சத்தைக் குறைத்தபோது இன்னும் தெளிவு.

மஞ்சள் லைட்டில் பெரிய வித்தியாசம் இல்லை.

எதிர்பாராதது ஒன்று: முன்பு மூக்குக்குள் போன பூச்சிகள் இப்போது கைப்பக்கம்தான் மொய்க்கின்றன.