செடிக்குச் சாப்பாடு, சரி. சேற்றுக்கு?

கோரைக்கிழங்கு:
வாட்ஸ்அப்பில் மறுபடியும் அதே செய்தி. "கரியமில வாயு செடிக்கு உணவு. அது கூடினால் செடி செழிக்கும், மண்ணில் கார்பன் சேரும், பூமி தானே சரியாகிவிடும்." முதல் பாதி உண்மைதான். செடி கூடுதலாகச் சர்க்கரை தயாரிக்கும். அதில் ஒரு பங்கு வேர் வழியே மண்ணில் கசியும். தண்ணீர் நிற்கிற மண்ணில் ஆக்சிஜன் இருக்காது, அங்கே நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்கிவிடும்; கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடேற்றும் வாயு அது. கோரைக்கும் நெல்லுக்கும் தண்டில் காற்றறைகள் உண்டு. புகைபோக்கி மாதிரி அந்த வாயு அதன் வழியே வெளியே வந்துவிடும்.

தண்ணீர் நிற்காத மேட்டு நிலத்தில் கதை வேறு. கரியமில வாயு கூடினால் இலைத்துளைகள் சுருங்கும், செடி குடிக்கிற தண்ணீர் குறையும், மண் ஈரமாகவே கிடக்கும். அது மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு உண்டாகத் தோது; அதுவும் பூமியைக் கடுமையாகச் சூடேற்றும் வாயுதான். 2011இல் வான் குரோனிகன் என்ற ஆய்வாளரின் குழு 49 ஆய்வுகளைத் தொகுத்து நேச்சர் அறிவியல் இதழில் எழுதியது: கரியமில வாயு கூடினால் சதுப்பு நிலத்து மீத்தேன் 13.2% கூடுகிறது, நெல்வயலில் 43.4%, மேட்டு மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு 18.8%.

வரவுசெலவு:
அதே கட்டுரையில் இருக்கும் இன்னொரு எண்ணை ஏன் விட்டுவிட்டீர்கள்? நிலம் கூடுதலாக உறிஞ்சும் என்று எதிர்பார்க்கப்பட்ட கார்பனின் பலனில், இந்த இரண்டு வாயுக்களும் சேர்ந்து தின்பது குறைந்தது 16.6%. நூறு ரூபாய் வரவில் பதினேழு ரூபாய் செலவு. இதற்கா இவ்வளவு பதற்றம்?

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து சதுப்பு ஒன்றைப் பாருங்கள். செசபீக் விரிகுடா ஓரம், ஸ்மித்சோனியன் ஆய்வு மையத்தின் இடம். 1987இல் பெர்ட் டிரேக் என்ற ஆய்வாளர் அங்கே சோதனையைத் தொடங்கினார். மேலே திறந்த பிளாஸ்டிக் கூண்டுகளுக்குள் கோரையை வளர விட்டு, வெளிக்காற்றில் இருப்பதைவிட 340 பிபிஎம் (பத்து லட்சத்தில் 340 பங்கு) கூடுதலாகக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். கோரை கொழித்தது. வேர் பெருத்து மண்ணே உயர்ந்தது. அதே சதுப்பில் பின்னர் நடந்த இன்னொரு கூண்டுச் சோதனையின் இரண்டு வருட அளவீட்டில், சாதாரணக் கூண்டுகளைவிட ஆண்டுக்கு 3.9 மில்லிமீட்டர் கூடுதல். கடல் ஏறும்போது சதுப்பும் சேர்ந்து ஏறினால் நல்லதுதானே?

கோரைக்கிழங்கு:
"குறைந்தது" என்று நீங்களே எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போகிறீர்கள். அந்த நூறு ரூபாயும் இன்னும் கைக்கு வராத வரவு.

மேரிலாந்தை நீங்கள் இழுத்தது நல்லதாகப் போயிற்று. அதே சதுப்பில் கரியமில வாயு கூடிய இடத்தில் மீத்தேன் ஏறக்குறைய 80% அதிகம் என்று 1994இல் வந்த கட்டுரையில் டிரேக்கின் பெயரும் இருக்கிறது. அப்புறம் அங்கேயே தழைச்சத்து (நைட்ரஜன்) போட்டுப் பார்த்தார்கள். கரியமில வாயுவால் பெரிதாகப் பலன் பெறாத புல்வகை மேலோங்கியது, கோரைக்குக் கிடைத்த லாபம் சுருங்கியது. உரம் கரைந்து வராத ஆறு எங்கே இருக்கிறது? 2022இல் 33 வருடக் கணக்கைப் பார்த்தபோது, கடல்மட்டம் வேகமாக ஏற ஏற அந்தச் செழிப்பே அடங்கிக்கொண்டிருந்தது.

வரவுசெலவு:
அது உவர்நீர்ச் சதுப்பு. கடல்நீரோடு வரும் சல்ஃபேட் உப்பு உள்ள இடத்தில் பொதுவாக மீத்தேன் குறைவாகத்தான் உண்டாகும். குறைவான ஒன்றில் 80% கூடினால் எவ்வளவு கூடிவிடும்? சதவீதத்தை மட்டும் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். கடல் ஏறுவதை மறுக்கவில்லை, ஆனால் அது வேறு வழக்கு.

கோரைக்கிழங்கு:
சல்ஃபேட் விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். வேறு வழக்கு என்பதை ஏற்க மாட்டேன். கரியமில வாயு கூடும் உலகத்தில் கடல் மட்டும் பழைய இடத்திலேயே நிற்குமா?

வயக்காடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். டெல்டாவில் நெல் போடுகிறவன். அந்த 43% என் வயலுக்கும் பொருந்துமா? வைக்கோலில் ஒரு பகுதியை மடக்கி உழுகிறேன்.

கோரைக்கிழங்கு:
அண்ணே, அப்படியே பொருந்தாது. பின்னால் வந்த தொகுப்பு ஆய்வுகள் அதைவிட மிகக் குறைவாகவே சொல்கின்றன. வைக்கோல் மண்ணிலேயே கிடந்தால், வேர் புதிதாகக் கசியவிடும் சர்க்கரையால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. வேர் பெருக்கும்போது மண்ணுக்குள் ஆக்சிஜனும் கூடுதலாக இறங்கும், மீத்தேனைத் தின்னும் பாக்டீரியா வளரும். ஆனால் வைக்கோலே மீத்தேனுக்குத் தீனிதான், அதை மறக்க வேண்டாம்.

வரவுசெலவு:
ஆக 43.4 இப்போது "மிகக் குறைவு" ஆகிவிட்டது. குறித்துக்கொள்கிறேன்.

கோரைக்கிழங்கு:
தாராளமாக. சதுப்பின் கணக்கை அது மாற்றாது.

வயக்காடு:
நான் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் தண்ணீர் கட்டுகிறேன்.

கோரைக்கிழங்கு:
அதுவே மீத்தேனைக் கணிசமாகக் குறைக்கும். துளையிட்ட குழாயைப் புதைத்து, அதில் நீர்மட்டத்தைப் பார்த்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும்வரை விடலாம். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிட வேண்டாம். ஒரு சங்கடம்: மண் காய்ந்து நனைந்து வரும்போது நைட்ரஸ் ஆக்சைடு எழும்பும், யூரியா போட்ட பிறகு இன்னும் அதிகம்.

வயக்காடு:
அப்போ யூரியாவை எப்போது போடுவது?

வரவுசெலவு:
காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு உடனே தண்ணீர் கட்டுங்கள். இதில் மட்டும் எங்கள் இருவருக்கும் சண்டை இல்லை.